மெல்லிய ஷூவும் கால் கேட்கும் அவகாசமும்

பாயைச் சுருட்டுவதுபோல் கைக்குள் சுருட்டிவிடலாம். ஓட்டக்காரர்கள் மினிமலிஸ்ட் ஷூ என்று சொல்லும் காலணியை அப்படித்தான் சோதித்து வாங்குவார்கள். அடிப்பாகம் மெல்லிய ரப்பர். நுரை மெத்தை இருக்காது, இருந்தாலும் பெயரளவுக்குத்தான். பாதவளைவைத் தாங்கும் மேடு கிடையாது. விரல்கள் விரிந்து பதிய முன்புறம் அகலமாக இருக்கும். வழக்கமான ஓட்ட ஷூவில் குதிகால், முன்பாதத்தைவிட 10 முதல் 12 மில்லிமீட்டர் உயர்ந்து நிற்கும். இதில் அந்த வேறுபாடு 4 மில்லிமீட்டருக்குள் அடங்கும். பல ஷூக்களில் அறவே இருக்காது.

தடித்த குதிகால் ஷூ 1970களில்தான் பரவியது. அதற்கு முன் பெரும்பாலும் மெல்லிய, தட்டையான ஷூவில்தான் ஓடினார்கள். எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானை வெறுங்காலில் ஓடி வென்றார். 1964 டோக்கியோவில் ஷூ அணிந்து மறுபடியும் வென்றார். இரண்டு முறையும் உலகச் சாதனை.

மெத்தையை எடுத்துவிட்டால் காலுக்கு என்ன ஆகிறது? ஹார்வர்டின் டேனியல் லீபர்மன் குழு 2010இல் 'நேச்சர்' இதழில் இதை விளக்கியது. வெறுங்காலில் குதிகாலை முதலில் ஊன்றி ஓடினால், உடல் எடையைப்போல் ஒன்றரை முதல் மூன்று மடங்கு விசை நொடிப்பொழுதில் மேலேறுகிறது. வெறுங்காலில் ஓடிப் பழகியவர்களோ பெரும்பாலும் முன்பாதத்தை முதலில் ஊன்றுகிறார்கள். கணுக்கால் மடங்கிக் கொடுக்க, அந்தத் திடீர் அதிர்ச்சி ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. ஆனால் சுமை மறைவதில்லை, இடம் மாறுகிறது. முழங்காலுக்குக் குறைவது கெண்டைக்கால் சதைக்கும் குதிகால் தசைநாணுக்கும் பாத எலும்புகளுக்கும் போய்ச் சேருகிறது.

கிறிஸ்டோபர் மெக்டூகலின் 'பார்ன் டு ரன்' 2009இல் வெளிவந்தது. மெக்சிகோ மலைகளில் செருப்பணிந்து நெடுந்தூரம் ஓடும் தராஹுமாரா மக்களைப் பற்றிய அந்த நூலைப் படித்துப் பலர் ஒரே வாரத்தில் ஷூவை மாற்றினார்கள். கால் அந்த வேகத்தில் மாறாது. 2013இல் வெளியான அமெரிக்க ஆய்வில், பத்து வாரங்களில், விரல்களுக்குத் தனித்தனி உறை கொண்ட ஐவிரல் மினிமலிஸ்ட் ஷூவுக்கு மாறிய 19 பேரில் 10 பேருக்குப் பாத எலும்புகளுக்குள் நீர்கோத்திருப்பது ஸ்கேனில் தெரிந்தது. எலும்பு சுமையைத் தாங்க முடியாமல் திணறுவதன் அடையாளம் அது.

காரணம் உடலின் கால அட்டவணை. தசை சில வாரங்களில் வலுப்பெறும். தசைநாணுக்கு மாதங்கள் வேண்டும். எலும்பு தன் பழைய பகுதியை முதலில் அரித்தெடுத்துவிட்டு, பிறகே புதிதாகக் கட்டுகிறது. நடுவில் சில வாரங்கள் அது முன்பைவிட பலவீனமாக இருக்கும். சதை தேறிவிட்டது என்று நம்பித் தூரத்தைக் கூட்டுபவருக்கு அப்போதுதான் மயிரிழை முறிவு வருகிறது.

அவகாசம் கொடுத்தவர்களுக்குப் பலன் உண்டு. பிரிட்டனின் லிவர்பூல் ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வில், அன்றாட வேலைகளுக்கு ஆறு மாதம் மெல்லிய ஷூ அணிந்தவர்களின் பாத வலிமை சராசரியாக 57 சதவீதம் கூடியிருந்தது. அவர்கள் அதில் ஓட்டப் பயிற்சி செய்யவில்லை; நடந்தார்கள், நின்றார்கள், அவ்வளவுதான். நம் பக்கத்திலும் சான்று உண்டு. ராவ், ஜோசப் என்ற மருத்துவர்கள் தென்னிந்தியாவில் 2,300 சிறுவர்களை ஆராய்ந்து 1992இல் வெளியிட்டார்கள். தட்டைப்பாதம் காலணி அணிந்தவர்களில் 8.6 சதவீதம், அணியாதவர்களில் 2.8 சதவீதம்.

ஆண்டுக்கணக்கில் இந்த ஷூவில் ஓடுபவன் என்ற முறையில் உறுதியாகச் சொல்கிறேன்: இதில் முதலில் ஓடாதீர்கள், நடங்கள். வீட்டிலும் கடைத்தெருவிலும் சில மாதங்கள் போட்டுப் பழகுங்கள். பிறகு வழக்கமான ஓட்டத்தின் கடைசிச் சில நிமிடங்களுக்கு மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். எடுத்துவைக்கும் ஒவ்வொரு எட்டும் குறுகட்டும். கெண்டைக்கால் இறுகினால் மறுநாள் ஓய்வு. புறங்காலில் ஒரே இடத்தில் விரல் வைத்தால் வலிக்கிறதென்றால் ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். உடல் எடை மிகுந்தவர்கள் இன்னும் மெதுவாகப் போக வேண்டும். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்வு குறைந்தவர்களுக்கு இந்த ஷூ வேண்டவே வேண்டாம். மற்றவர்கள் ஓராண்டை இதற்கென்று ஒதுக்க முடியுமானால் வாங்கலாம். அடுத்த மாதம் மாரத்தான் என்றால், ஓடிப் பழகிய பழைய ஷூவே போதும்.