மீனுக்கு ஈடாகுமா சோயா?

சென்ற மாதம் தணிக்கையின் பொருட்டுப் பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றிற்குச் சென்றிருந்தோம். இறாலும் மடவையும் நண்டும் கிடைக்கும் அவ்வூரில் அங்கத்தினர் அம்மையார் ஒருவர், "ஐயா, என் மகள் மாசமாயிருக்கிறாள், மீன், முட்டை, பால் எல்லாம் விட்டுவிட்டாள். மீல்மேக்கர் ஒன்றே போதுமா?" என்று கவலையோடு வினவினார்.

இக்கேள்வி அசட்டை செய்யத் தக்கதன்று. உலர்ந்த சோயா 100 கிராமில் ஏறக்குறைய 36 கிராம் புரதம் உண்டு. துவரம்பருப்பில் 22 கிராமே. உடல் தானே ஆக்கிக்கொள்ள இயலாத 9 அமினோ அமிலங்களும் சோயாவில் உள்ளன. ஆகவே புரதத்தைப் பொறுத்தவரை அது மீனுக்கு ஈடாகும். ஆனால் பச்சையாக உண்ணலாகாது. நன்கு வேகவைத்தால்தான் அதன் புரதம் எளிதில் செரிக்கும்.

ஆயினும் மீனிலுள்ள பி12 வைட்டமின் சோயாவில் இல்லை. அது குறைந்தால் இரத்தசோகையும் நரம்புக் கோளாறும் நேரலாம். வயிற்றிலுள்ள சிசுவுக்கும் தீங்கு உண்டாகலாம். தைராய்டு மாத்திரை உண்போர், மாத்திரைக்கும் சோயாவுக்கும் இடையே சில மணி நேரம் விடுதல் அவசியம்.

மகளைத் தாமதியாது ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்று, பி12 மாத்திரை குறித்து மருத்துவரைக் கேட்குமாறு கூறினோம். அங்கத்தினர்களே, ஓர் இனம் விடுபட்டாலும் பேரேடு நேராகாது, ஆகாரமும் அத்தகையதே.