நைன்டியில் அடங்காத 46 நிமிடம்

1989. மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு ரெக்கார்டிங் சென்டர். நண்பனின் சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த இரண்டு எல்.பி. தட்டுகளைத் துணிப்பையில் வைத்து, மழை வந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு சைக்கிளில் போனோம். ஒன்று மைல்ஸ் டேவிஸின் ஜாஸ் ஆல்பம், ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’. மற்றது பிங்க் ஃப்ளாய்டின் ‘டார்க் சைட் ஆஃப் த மூன்’. கடைக்காரர் உறைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பாட்டு லிஸ்ட் எங்க தம்பி?”

“லிஸ்ட் இல்லண்ணே. முழுசும்.”

“முழுசுமா?” என்றவர், இன்னொரு தடவையும் கேட்டு உறுதிசெய்துகொண்டார்.

நைன்டி கேசட்டில் பக்கத்துக்கு 45 நிமிடம். டேவிஸின் ஆல்பமோ கிட்டத்தட்ட 46. கடைசி உருப்படியில் அவருடைய ட்ரம்பெட் திரும்ப வந்து ஏதோ சொல்ல வாயெடுக்கும்போதே ‘டக்’கென்று பொத்தான் எழும்பிவிடும். அடுத்த பக்கத்தில் ஃப்ளாய்டுக்கு 43 நிமிடமே போதும். மிச்ச நாடாவை வெறுமனே விட அண்ணனுக்கு மனசு வரவில்லை. ஆல்பம் இதயத் துடிப்பில் அடங்கும். அடங்கிய மறுநொடி நாகஸ்வரமும் தவிலுமாக ஒரு சினிமாப் பாட்டு கிளம்பி, சரணத்தின் நடுவில் அறுந்துபோகும். அந்தப் பாட்டை இன்று எங்காவது முழுசாகக் கேட்டால், அறுந்த இடத்தைத் தாண்டியும் அது போகிறதே என்று ஒரு கணம் திடுக்கிடுகிறேன்.

‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ 1959இல் மார்ச்சில் ஒரு நாள், ஏப்ரலில் ஒரு நாள் என்று இரண்டே அமர்வில் பதிவானது. முதல் அமர்வில் ஒரு டேப் இயந்திரம் சற்று மெதுவாக ஓடியதால், தட்டின் முதல் பக்கத்து மூன்று உருப்படிகளும் உள்ளதைவிடக் கொஞ்சம் மேல் சுருதியில் ஒலித்தன. 1990களில்தான் திருத்தினார்கள். என் டேப் ரெக்கார்டரில் பேட்டரி தீரத் தீர எல்லாமே இழுத்து இழுத்துப் பாடும். ஆக, உலகம் திருத்துவதற்கு முன்பே ஏதோ ஒரு சாயங்காலம் என் வீட்டில் டேவிஸ் சரியான சுருதியில் வாசித்திருக்கக்கூடும்.

பிடிக்காத பாட்டை அப்போது தள்ள முடியாது என்றில்லை. ஃபார்வர்ட் பொத்தானை அடிக்கடி அழுத்தினால் நாடா சிக்கும், பேட்டரியும் போகும் என்ற பயம். ஆகவே பிடிக்காததும் ஓடிக்கொண்டேயிருக்கும். இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ 1986இல் வந்தபோது, அட்டையில் ராஜா படத்தைப் பார்த்து, பாட்டு இருக்கும் என்று நம்பி வாங்கினேன். பாட்டே இல்லை. தியாகராஜருக்கும் மேற்கத்திய இசை மேதை பாக்குக்கும் சமர்ப்பணமாக வயலின்கள்தான். “காசைக் கொடுத்து ஊமைப் பாட்டு வாங்கியிருக்கான்” என்றார் அப்பா. காசு கொடுத்த பாவத்துக்குத்தான் திரும்பத் திரும்பப் போட்டேன். பத்துப் பதினைந்து தடவைக்குப் பிறகு வி.எஸ். நரசிம்மனின் வில் எந்த இடத்தில் திரும்பும் என்பது எனக்கு முன்கூட்டியே தெரிந்தது. அதன் பிறகே பிடித்தது.

இப்போது கைபேசியில் எதுவும் கிடைக்கிறது. முப்பது விநாடி ஓடினாலே ஒரு பாட்டு கேட்கப்பட்டதாக ஸ்பாட்டிஃபையில் கணக்கு. என் பொறுமை பல நாள் அதுவரைகூட நீள்வதில்லை.

சமீபத்தில் சக்தி குழுவின் ‘திஸ் மொமென்ட்’ (2023) கேட்டேன். கிராமி வாங்கிய ஆல்பம். பெருந்தொற்றுக் காலத்தில் அவரவர் இருந்த இடத்திலிருந்து வாசித்து அனுப்பிச் சேர்த்தது. கணேஷ் ராஜகோபாலனின் வயலின், சங்கர் மகாதேவனின் குரல், எல்லாம் துல்லியம். சலவைக்குப் போட்டு எடுத்த வேட்டி மாதிரி. 1976இல் வந்த அவர்களின் முதல் தட்டு கச்சேரிப் பதிவு. எல். சங்கரின் வயலினும் ஜான் மெக்லாலினின் கிதாரும் ஒன்றையொன்று துரத்தும், கூட்டம் ஆரவாரிக்கும். விக்கு விநாயக்ராமின் கடத்தில் விரல் படுவது கேட்கும். எனக்கு அந்த அழுக்கு வேட்டிதான் இஷ்டம். ஆனால் புதியதில் விநாயக்ராமின் மகன் செல்வகணேஷின் கஞ்சிராவும் ஜாகிர் உசேனின் தபலாவும் சேரும் இடங்களை இனி விமர்சகன் காதோடு கேட்க முடியாது. கச்சேரி பதிவான 1975இல் ஜாகிருக்கு வயது 24. 2024 டிசம்பரில் போய்விட்டார்.

அவுட்காஸ்ட் குழுவின் ராப் பாடகர் ஆந்த்ரே 3000, ‘நியூ ப்ளூ சன்’ என்று 87 நிமிடம் புல்லாங்குழல் ஊதியிருக்கிறார். ஒரு வரி ராப் கிடையாது. அப்பா இருந்திருந்தால் சொல்ல வேண்டியதைச் சொல்லியிருப்பார். பாதிதான் பிடித்தது.

மனசில் நின்றது ‘ப்ராமிசஸ்’ (2021). எலக்ட்ரானிக் இசைக்காரரான ஃப்ளோட்டிங் பாயிண்ட்ஸ், லண்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா, எண்பது வயது சாக்ஸபோன்காரர் ஃபாரோ சாண்டர்ஸ். மூன்று தடவை ஆரம்பித்து மூன்று தடவையும் நிறுத்திவிட்டேன். ஏழு ஸ்வரம் கொண்ட ஒரே சிறு கோவை திரும்பத் திரும்ப வருகிறது. வேறொன்றும் நடக்கிற மாதிரி தெரியவில்லை. பிறகு ஒருநாள் வைகை எக்ஸ்பிரஸில் திண்டுக்கல் தாண்டியதும் சிக்னல் போனது. கைபேசியில் இறக்கி வைத்திருந்தது அது ஒன்றுதான். வேறு வழியின்றிக் கேட்டேன். அந்த ஏழு ஸ்வரம் தம்புரா போலப் பின்னால் நின்றுகொள்ள, கிழவர் நடுவில் சாக்ஸபோனை வாயிலிருந்து எடுத்துவிட்டு வெறும் குரலில் ஏதோ முனகுகிறார். குழந்தையைத் தூங்கவைக்கிற தாத்தாவின் முனகல். ஆல்பம் வந்த அடுத்த ஆண்டே அவர் காலமானார்.

அதன் நீளத்தைப் பிறகுதான் பார்த்தேன். 46 நிமிடம். நைன்டியில் இதுவும் அடங்கியிருக்காது.

வீட்டில் இன்னொரு முறை போட்டேன். கடைசியில் வயலின்கள் சிறிது நேரம் எழுந்து அடங்கின. அந்த அமைதியில் உட்கார்ந்திருக்கும்போதே, எனக்குப் பிடிக்கும் என்று தானாகக் கணித்து இன்னொரு பியானோவை ஆரம்பித்துவிட்டது செயலி. அது முடிந்தால் இன்னொன்று, அதற்குப் பிறகும் ஒன்று. டவுன்ஹால் ரோட்டு அண்ணனுக்கு இரண்டு நிமிட நாடாதான் மிச்சமிருந்தது.