140 மில்லிமீற்றர் மழை 150 ஆகும்போது

வரக்காப்பொலப் பக்கத்து இறப்பர் தோட்டங்களில் வேலை விடியற்காலையிலேயே தொடங்கிவிடும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும். பட்டை நனைந்திருந்தாலோ கத்தி வைக்கவே முடியாது. மழையில் விடியும் நாளில் பால் வெட்டு இல்லை, பலருக்கு அன்றைய சம்பளமும் இல்லை. இங்குள்ளவர்களுக்கு மழையைப் பற்றி யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. அவர்கள் கேட்பது ஒன்றுதான்: பூமி சூடாகிறது என்கிறீர்கள், பிறகு மழை மட்டும் ஏன் இப்படிக் கொட்டுகிறது?

நியாயமான கேள்வி. சூரிய ஒளியால் சூடேறும் தரையும் கடலும் அந்த வெப்பத்தைக் கண்ணுக்குத் தெரியாத கதிர்களாக மேலே அனுப்புகின்றன. காற்றில் பெரும்பங்கு வகிக்கும் நைதரசனும் ஒட்சிசனும் அவற்றைத் தடுப்பதில்லை. நீராவி, காபனீரொட்சைட்டு, மீதேன் ஆகியவை அந்தக் கதிர்களை உறிஞ்சி, ஒரு பகுதியைத் தரைக்கே திருப்பிவிடுகின்றன. பச்சைவீட்டு விளைவு என்பது இதுதான். இது இல்லாவிட்டால் பூமியின் சராசரி வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 18 பாகை செல்சியஸாக இருந்திருக்கும். இருப்பதால்தான் சுமார் 15 பாகை. குளிருக்குப் போர்த்திய கம்பளி நல்லதுதான். நாம் அதன்மேல் இன்னும் இன்னும் கம்பளிகளைப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

இது நேற்று வந்த கதையல்ல. 1856இலேயே யூனிஸ் ஃபூட் என்ற அமெரிக்கப் பெண்மணி கண்ணாடிக் குழாய்களில் வெவ்வேறு வாயுக்களை நிரப்பி வெயிலில் வைத்துப் பார்த்தார். காபனீரொட்சைட்டு நிரப்பிய குழாய்தான் அதிகம் சூடேறியது, ஆறவும் நெடுநேரம் பிடித்தது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றின் பத்து இலட்சம் பங்கில் அந்த வாயு 280 பங்கு. ஹவாய்த் தீவின் மௌனா லோவாவில் 1958இல் அளக்கத் தொடங்கியபோது 315. இன்று 420ஐத் தாண்டிவிட்டது. நிலக்கரியும் எண்ணெயும் எரித்ததும், காடுகளை அழித்ததும்தான் காரணம்.

இனி மழைக்கு வருவோம். வெப்பம் ஒரு பாகை கூடினால் காற்று தாங்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 சதவீதம் கூடுகிறது. சூடான கடலிலிருந்து நீர் கூடுதலாக ஆவியாகி, பெய்யும்போது ஒரேயடியாக இறங்குகிறது. 7 சதவீதம் சிறிய எண்ணாகத் தோன்றலாம். மலைச்சரிவில் அது சிறியதல்ல. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுக்க மழையைத்தான் அளவுகோலாக வைத்திருக்கிறது: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பு, 100 ஆனால் எச்சரிக்கை, 150 ஆனால் வெளியேற வேண்டும். 140 மில்லிமீற்றரோடு நின்றிருக்கக்கூடிய ஒரு மழையில் 7 சதவீதத்தைக் கூட்டிப் பாருங்கள். ஏறத்தாழ 150 வந்துவிடும்.

கேகாலை மாவட்டம் இதன் விலையை அறியும். 2016 மே 17 அன்று அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து கிராமங்களை மூடியது. அதே நாளில் புளத்கொஹுபிட்டியவின் களுபஹன தோட்டத்தில் லயன் வீடுகள் மண்ணுக்குள் போயின. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் நாடெங்கும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. எந்தவொரு சரிவுக்கும் வெப்பம் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. செங்குத்தான நிலம், வெட்டப்பட்ட சரிவு, அடைபட்ட வடிகால் எல்லாம் சேர்ந்தே மலையைத் தளர்த்துகின்றன. ஆனால் தளர்ந்த மலையின்மேல் கூடுதல் நீரைக் கொட்டுவது சூடான வானம்.

இலங்கையர் ஒருவர் ஆண்டுக்குச் சராசரியாக வெளிவிடுவது ஏறத்தாழ ஒரு தொன் காபனீரொட்சைட்டு. உலகச் சராசரி நான்கு தொன்னுக்கும் மேல். மோட்டார் வாகனமோ குளிரூட்டியோ இல்லாத லயன் குடும்பத்தின் பங்கு அந்த ஒரு தொன்னிலும் எவ்வளவு குறைவாக இருக்கும்! யாரோ எரித்த கரிக்கு இவர்கள் வீட்டை இழப்பது அநீதி. அபாயச் சரிவுகளில் உள்ள லயன்களைப் பாதுகாப்பான நிலத்துக்கு மாற்றுவதைச் சலுகையாகப் பார்க்காமல் கடமையாக அரசும் தோட்ட நிர்வாகங்களும் ஏற்க வேண்டும்.

அதுவரை, சரிவில் வாழ்பவர்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. நிலத்திலோ சுவரிலோ புதிய வெடிப்பு, சாயும் மரங்கள், திடீரெனக் கலங்கும் அல்லது வற்றும் ஊற்று. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அறிவித்தலுக்குக் காத்திராதீர்கள். பிள்ளைகளையும் முதியவர்களையும் கூட்டிக்கொண்டு வெளியேறுங்கள், பிறகு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கு அழையுங்கள்.