ஓடினது திரவமா, வெறும் ஜோடிகளா?

2005 ஏப்ரல்ல அமெரிக்காவோட ப்ரூக்ஹேவன் ஆய்வகம் ஒரு அறிவிப்பு விட்டுச்சு. தங்க அணுக்கருக்களைக் கிட்டத்தட்ட ஒளியோட வேகத்துல மோதவிட்டோம். உள்ளே உருவானது வாயு மாதிரி இல்ல, திரவம் மாதிரி நடந்துக்குதுன்னாங்க. அது உயிரோட இருக்குற நேரம், ஒரு நொடியைக் கோடி கோடி கோடி துண்டா வெட்டினா அதுல ஒரு துண்டைவிடச் சின்னது. டிடெக்டர்ல விழுறது சிதறி வந்த துகள்கள் மட்டும்தான். அப்புறம் எப்படித் திரவம்னாங்க?

ரெண்டு உருண்டைகள் கொஞ்சம் விலகி மோதினா, ஒன்றன்மேல் ஒன்று படியுற பகுதி பாதாம் பருப்பு வடிவத்துல இருக்கும். துகள்கள் ஒன்னையொன்னு கண்டுக்கலைன்னா எல்லாத் திசையிலயும் சமமாப் பறக்கும். திரவம்னா, பாதாமோட குறுகலான திசையில அழுத்தம் சட்டுனு குறையுறதால அந்தப் பக்கம் அதிகமாப் பிதுங்கும். இந்த ஏற்றத்தாழ்வுக்கு வி2ன்னு பேரு. வி2 0.06ன்னா, சராசரியா 100 துகள் போற இடத்துல குறுகலான திசையில 112, நீளவாக்குல 88.

இதை அளக்குறதுதான் பாடு. பாதாம் ஒவ்வொரு மோதல்லயும் வேற கோணத்துல சாய்ஞ்சிருக்கும், நேராப் பார்க்க வழியில்ல. அதனால துகள்களை ரெண்டு ரெண்டா எடுத்து, நடுவுல எவ்வளவு கோணம்னு கணக்குப் போடுறாங்க. சாய்வு தெரியாமலே ஓட்டம் தெரிஞ்சிடும்.

ஆனா ஜோடிங்க ஏமாத்தும். ஒரே துகள் உடைஞ்சு பொறந்த ரெண்டும் சேர்ந்தே பறக்கும். கல்யாண மண்டபத்துலேர்ந்து புருஷன் பொண்டாட்டி ஒன்னா வெளியே வந்தா, மொத்தக் கூட்டமும் அந்தப் பக்கம் கிளம்பிடுச்சுன்னு சொல்வீங்களா?

இதுக்கு போர்கினி, டின், ஒலித்ரோ மூணு பேரும் 2001 வாக்குல கொடுத்த தீர்வு, இந்தத் துறையிலயே எனக்கு ரொம்பப் பிடிச்ச தந்திரம். நாலு நாலா எடு. அந்த நாலோட ஒற்றுமையில ஜோடிகளால விளக்க முடிஞ்சதையெல்லாம் கழிச்சிடு. மிச்சம் நின்னா, அது கூட்டம் சேர்ந்து ஓடின ஓட்டம். ஈயம்–ஈயம் மோதல்கள்ல ஆறு, எட்டுன்னு எடுத்தும் பார்த்துட்டாங்க. விடை பெருசா மாறலை.

ஆனா 2010ல ஜெனீவா பக்கத்துல சிஎம்எஸ் குழு ஒரு குண்டைப் போட்டாங்க. நிறைய துகள் சிதறின புரோட்டான்–புரோட்டான் மோதல்லயும் இதே சாயல்! பிற்பாடு நாலு, ஆறு சோதனையிலயும் அது தேறுச்சு. அவ்வளவு சின்ன இடத்துல திரவத்துளியா? ஆமாங்கறாங்க சிலர். இல்ல, மோதலுக்கு முன்னாடியே குளுவான்களுக்குள்ள இருந்த ஒற்றுமைதான் அப்படித் தெரியுதுங்கறாங்க வேற சிலர். துகள் எண்ணிக்கை குறையக் குறைய ஜோடித் தொல்லையும் கூடும். அதனாலதான் இப்போ அந்த நாலு துகளையும் ஒரே இடத்துலேர்ந்து எடுக்காம, ஒன்னுக்கொன்னு தள்ளியிருக்கற பகுதிகள்லேர்ந்து பொறுக்குறாங்க.