உங்களுக்குத் தெரியுமா? வழக்கே போட முடியாத விபத்து!

மொன்றியல் தெருவைக் கடக்கும் உள்ளூர்வாசி ஒருவரைக் கார் மோதினால், காயத்துக்கு நட்டஈடு கேட்டு ஓட்டுநர்மீது வழக்குப் போட முடியாது. 1978 மார்ச் 1 முதல் கியூபெக் மாகாணத்தில் இதுதான் சட்டம்.

பணம் தருவது மாகாண அரசின் வாகனக் காப்பீட்டு நிறுவனம். தவறு யாருடையது என்ற கேள்வியே இல்லை. சிவப்பு விளக்கில் குறுக்கே ஓடியவருக்கும் உண்டு! (குடித்துவிட்டு ஓட்டியவர் தப்பிவிட மாட்டார், குற்ற வழக்கு தனி.)

• தொகை போதவில்லையா? முதலில் அந்த நிறுவனத்திடமே மறுபரிசீலனை. அதிலும் திருப்தி இல்லையென்றால், 60 நாட்களுக்குள் கியூபெக் நிர்வாகத் தீர்ப்பாயம்.

• அதற்குப் பின் வழக்கமான மேல்முறையீடு கிடையாது. முடிவு நியாயமானதா என்பதை மட்டும் கியூபெக் உயர் நீதிமன்றம் பார்க்கும். குறை கண்டால், புதிதாக விசாரிக்கச் சொல்லிப் பெரும்பாலும் தீர்ப்பாயத்துக்கே திருப்பி அனுப்பும்.

• தொகையை ஜூரி முடிவு செய்யுமா? அதற்கும் வழியில்லை. சிவில் வழக்குகளில் ஜூரி முறையைக் கியூபெக் 1976இலேயே ஒழித்துவிட்டது.

2017இல் கனடா உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. விபத்துக்குப் பிந்தைய சிகிச்சைத் தவறால் காயம் மோசமானாலும், அது விபத்தின் கணக்கிலேயே சேரும். மருத்துவர்மீதும் வழக்குப் போட முடியாது.