சுவருக்குள் இருக்கும் பழைய கம்பி இன்னும் பாடுமா?

ஜொகூர் பாருவிலிருந்து நீரிணையைக் கடந்தால் சிங்கப்பூர். அங்கு 1949-இல் தொடங்கிய ரெடிஃபியூஷன், கம்பி வழியாகவே வீடுகளுக்கு வானொலியைக் கொண்டு சேர்த்தது. கருவிகள் மாறிவிட்டன. ஆனால், ஒலிபெருக்கிக்கு இரண்டு செப்புக் கம்பிகள் போதும் என்ற அடிப்படை மாறவில்லை.

சில வீடுகளில் ஒவ்வோர் அறையிலும் ஒலிபெருக்கி இருக்கும். ஒரே ஆம்பிளிபையர் எல்லாவற்றையும் இயக்கும். அது பழசானால் சுவரை உடைத்துப் புதுக் கம்பி இழுக்க வேண்டுமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

அறை 15 மீட்டர் தூரத்தில் இருந்தால், மின்சாரம் போய்வர 30 மீட்டர் கம்பி. அதன் குறுக்குப் பரப்பு 1 சதுர மில்லிமீட்டர் என்றால், மின்தடை சுமார் 0.5 ஓம். 8 ஓம் ஒலிபெருக்கிக்குச் செல்லும் திறனில் ஏறக்குறைய 6 விழுக்காடு மட்டுமே கம்பியில் வெப்பமாகிறது. காது அதை உணர்வது அரிது. 4 ஓம் ஒலிபெருக்கி என்றால் இழப்பு 11 விழுக்காடாகிவிடும்.

எந்தக் கம்பி எந்த அறைக்குப் போகிறது? ஆம்பிளிபையரிலிருந்து கழற்றிய கம்பியின் இரு முனைகளிலும் 1.5 வோல்ட் மின்கலனை ஒரு நொடி தொடுங்கள். அந்த அறையில் 'டப்' என்று கேட்டால் கம்பி அறுபடவில்லை. நம் ஊர் ஈரப்பதத்தில் முனைகள் கறுத்திருந்தால், அந்தப் பகுதியை வெட்டிவிட்டுப் பளபளக்கும் செம்பை இணைக்க வேண்டும். பிறகு, திறன்பேசியிலிருந்து பாட்டை வாங்கும் புதிய ஆம்பிளிபையர் ஒன்றே போதும்.

எச்சரிக்கை: சுவரில் 230 வோல்ட் மின்கம்பிகளும் ஓடுகின்றன. எது எதுவென்று மின்பணியாளர் உறுதிசெய்யும் வரை எதையும் தொடாதீர்கள்.