தங்கமீனுக்கு வயிறு உப்பினால் முதல் மருந்து பட்டினி

கோயில் குளத்து மீனுக்குப் பொரி போடுவது நம் பக்கத்தில் புண்ணியம். அதே கை, வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் நீந்தும் தங்கமீனுக்கும் பொரி, பிஸ்கட், சோற்றுப் பருக்கை என்று அள்ளிப் போட்டுவிடுகிறது. குளத்து மீனுக்குப் பாசியும் புழுவும் உண்டு, ஓடி நீந்த இடமும் உண்டு. தொட்டி மீனுக்கு நாம் போடுவது மட்டுமே உணவு. வயிறு உப்பி, பக்கவாட்டில் சாய்ந்து மிதக்கும் தங்கமீன்களில் பலவற்றுக்கு வந்திருப்பது தீனிக் கோளாறுதான். நார்த்தாமலை போல வெயில் கடுமையான ஊர்களில் இந்தக் கோளாறு சீக்கிரம் முற்றிவிடும்.

இரைப்பை இல்லாத மீன்

தங்கமீன் கெண்டை இனத்தைச் சேர்ந்தது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சீனாவில், காட்டுக் கெண்டையில் தோன்றிய பொன்னிற மீன்களைப் பொறுக்கி வளர்த்து உருவாக்கியது. இதற்கு நம்மைப் போல இரைப்பை கிடையாது. தொண்டைக்குள் இருக்கும் பற்களால் அரைத்த உணவு நேரே குடலுக்குப் போகிறது. வாங்கிச் சேர்த்துவைத்து மெல்லச் செரிக்க இடம் இல்லாததால், சிறிது சிறிதாக மேய்வதுதான் இதன் இயல்பு. மொத்தமாகக் கொட்டினால் குடல் அடைத்துக்கொள்ளும்.

குடலுக்கு மேலே காற்றுப்பை இருக்கிறது. மீன் மூழ்குவதும் மிதப்பதும் அதனால்தான். குடல் வீங்கினால் அந்தப் பை நசுங்கி, மீன் நிலை தடுமாறும். ஒராண்டா, ரியூகின் போன்ற குண்டு உடல் வகைகளில் உறுப்புகள் நெருக்கமாக இருப்பதால் இந்தத் தொல்லை அவற்றுக்கே அதிகம்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

வயிறு ஒரு பக்கமாகவோ முழுவதுமாகவோ உப்புவது, மலம் நூல்போல நீளமாகத் தொங்குவது அல்லது வராமலே போவது, தலைகீழாகவோ பக்கவாட்டிலோ மிதப்பது, தீனி தின்றவுடன் மேலே எழும்பி இறங்க முடியாமல் தவிப்பது ஆகியவை செரிமானக் கோளாறைக் காட்டும்.

மூன்று நாள் முறை

லங்கணம் பரம ஔஷதம் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது தங்கமீனுக்கும் பொருந்தும். முதல் இரண்டு நாள் தீனியே போடாதீர்கள். நல்ல உடல்நிலையில் உள்ள வளர்ந்த மீன் அதைத் தாங்கும். குஞ்சுகளுக்கு ஒரு நாளுக்கு மேல் பட்டினி கூடாது.

அடுத்து, பச்சைப் பட்டாணி. அதில் உள்ள நார்ச்சத்து குடலில் தேங்கியதை நகர்த்த உதவும். உப்பு சேர்க்காமல், விரலால் அழுத்தினால் நசுங்கும் அளவுக்கு வேகவைத்து, ஆறவிட்டு, தோலை உரித்து, உள்பருப்பைச் சிறு துணுக்குகளாக்கிப் போடுங்கள். இரண்டு மூன்று அங்குல மீனுக்கு ஒரு பட்டாணி போதும். தின்னாமல் மிஞ்சியதைச் சிறிது நேரத்தில் எடுத்துவிட வேண்டும்.

பச்சைப் பட்டாணி கிடைக்காவிட்டால் காய்ந்ததை இரவு முழுக்க ஊறவைத்து வேகவைக்கலாம். ஊறிய தண்ணீர் அடர்பச்சையாக மாறினால் அது சாயம் ஏற்றியதாக இருக்கலாம். அதை மீனுக்கும் போடாதீர்கள், நீங்களும் சாப்பிடாதீர்கள். விளக்கெண்ணெய், ஓமத் தண்ணீர், சீரகத் தண்ணீர் என்று நமக்கான கை வைத்தியங்களைத் தொட்டியில் ஊற்றவே கூடாது.

தினமும் என்ன, எவ்வளவு

இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு, காலை ஒரு முறை, மாலை ஒரு முறை. தங்கமீனுக்கென்று விற்கும் உருண்டைத் தீனியில் மூழ்கும் வகையைப் பாருங்கள். மேலே மிதக்கும் தீனியைக் கவ்வும்போது காற்றையும் சேர்த்து விழுங்கிவிடும். காய்ந்த தீனியைப் போடுமுன் சில நிமிடம் தண்ணீரில் ஊறவைத்தால் வயிற்றுக்குள் போய் உப்பாது. வாரத்தில் ஓரிரு நாள் வெந்து மசிந்த கீரையோ பட்டாணியோ கொடுங்கள். ஒரு நாள் வெறும் வயிற்றோடு விடுங்கள். பொரி, பிஸ்கட், ரொட்டி வேண்டாம். மாவுச்சத்தைத் தவிர அவற்றில் மீனுக்கு ஆகக்கூடியது பெரிதாக எதுவும் இல்லை.

பாறை வெயிலும் தொட்டித் தண்ணீரும்

நார்த்தாமலையைச் சுற்றி மேலமலை, கடம்பர்மலை, ஆளுருட்டிமலை என்று மொட்டைப் பாறைக் குன்றுகள். முத்துமாரியம்மனுக்குப் பங்குனித் திருவிழா நடக்கும் காலத்திலேயே வெயில் ஏறிவிடும். தங்கமீனோ குளிர்ந்த நீருக்குப் பழகியது; 18 முதல் 24 டிகிரி செல்சியஸ் அதற்கு இதம். 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் அது ஏழரை மில்லிகிராமாகக் குறைந்துவிடும். மிஞ்சிய தீனியும் மலமும் அழுகி அமோனியா ஆவதும் சூட்டில் வேகமாக நடக்கும். அமோனியா செவுளை அரிக்கும், பசியைக் கெடுக்கும்.

ஆகவே தொட்டியை ஜன்னல் வெயிலிலும் ஓட்டு வீட்டுத் திண்ணையின் அனலிலும் வைக்காதீர்கள். ஏர் பம்ப் ஓடட்டும். வாரம் ஒரு முறை கால் பங்குத் தண்ணீரை மாற்றுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் வாசம் இருந்தால் அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்த பிறகே ஊற்றுங்கள். கடும் வெயில் நாட்களில் தீனியைக் குறையுங்கள்.

பட்டாணிக்கு அடங்காத நோய்

செதில்கள் பைன் மரக் காய்போல விறைத்து நின்றால் அது வெறும் மலச்சிக்கல் அல்ல. உடலுக்குள் நீர் கோத்திருக்கிறது, பெரும்பாலும் கிருமித் தொற்றும் சிறுநீரகப் பாதிப்பும் காரணம். ரத்தச் சிவப்பு, புண், ஒரு வாரமாகியும் நேராகாத மிதப்பு இருந்தாலும் பட்டாணி போதாது. அப்போது கால்நடை மருத்துவரையோ மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தையோ கேளுங்கள். கடையில் கிடைக்கும் ஆண்டிபயாடிக் மாத்திரையைக் கரைத்து ஊற்றினால், தண்ணீரைச் சுத்தமாக வைத்திருக்கும் நல்ல பாக்டீரியாவும் செத்துப்போகும்.

வளர்க்க முடியவில்லை என்று மலைச் சுனையிலோ ஊருணியிலோ மீனைக் கொண்டுபோய் விடாதீர்கள். தங்கமீன் அடிச்சேற்றைக் கிளறித் தண்ணீரைக் கலக்கும்; நம் ஊர் மீன்களின் முட்டையைத் தின்னும்; நோயையும் பரப்பும். வளர்க்கக்கூடிய இன்னொருவரிடம் கொடுங்கள்.

தீனி டப்பாவைத் திறக்குமுன் ஒரு முறை மீனின் வயிற்றைப் பாருங்கள். உப்பியிருந்தால் டப்பாவை மூடிவிடுங்கள். மீன் வளர்க்கும் பிள்ளைகளுக்கும் இந்த ஒரு பழக்கத்தைக் கட்டாயம் சொல்லிக்கொடுங்கள்.